நாட்குறிப்பும் நெஞ்சமும்

நம் கல்லூரித் தாயின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைப் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய நான் இலக்கிய நயம் பற்றியோ இலக்கண வரலாறு பற்றியோ எழுதுவேனென்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுதுதற்கு என்னினும் வல்லார் இக்கல்லூரியிற் பலர் இருந்தனர்; இன்றும் இருக்கின்றனர். ஆதலின் நான் வேறொன்று சொல்ல விழைகின்றேன். இங்கே மாணவனாயிருந்து, பின்னர் இங்கேயே ஆசிரியனாய் நிற்கும் ஒருவன், தன் நாற்பதாம் வயதிலே காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்ட பாடமொன்றே ஈண்டுக் கூறப்படுவது. நாட்குறிப்பு எழுதும் பழக்கமே அப்பாடம்.

"நாட்குறிப்பு எழுதுவதிற் கற்பதற்கு யாதுளது?" என்று மாணவர் நகைத்தல் கூடும். கீழ்வகுப்புகளிலேயே அது கட்டுரைப் பயிற்சிகளுள் ஒன்றாய் வந்துவிடுகின்றது. மேலே திகதியும் கிழமையும் இடுக. தன்மை ஒருமையில் எழுதுக. இறந்தகால வினைமுற்றுகளைப் பயன்படுத்துக. நூற்றைம்பது சொற்களில் முடிக்க. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்று சான்றிதழோடு வெளிவந்த நாள் முதலாக, இவ்விதிகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவந்தவன் நான். "அதிகாலை ஐந்து மணிக்குத் துயிலெழுந்தேன்" என்று தொடங்கும் நாட்குறிப்புகள் ஆயிரத்தையேனும் திருத்தியிருப்பேன். அவ்வாறு எழுதியவருட் பெரும்பாலார் ஆறரை மணிக்கு முன் எழாதவர் என்பதை நானும் அறிவேன். நான் அறிவேன் என்பதை அவரும் அறிவர்.

அக்கொப்பிகளுள் ஒன்று இன்றும் என் நெஞ்சை விட்டகலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாந்தரத்து மாணவன் ஒருவன் திகதியை இட்டு, அதன்கீழ் "இன்று எழுத ஒன்றுமில்லை" என்று ஒரே வரி எழுதித் தந்தான். சிவப்புப் பேனையால் அவ்வரியைச் சுற்றி வட்டமிட்டு, "சோம்பல்! மீண்டும் எழுதுக" என்று குறித்தேன். அவன் மறுநாள் மீண்டும் எழுதினான், அதிகாலை ஐந்து மணிக்குத் துயிலெழுந்தான், புள்ளியும் பெற்றான். அவ்வாரத்திலேதான் அவன் தந்தையார் வீட்டைவிட்டுப் போயினார் என்பதை மூன்று மாதங்கழித்துப் பிறர் சொல்ல அறிந்தேன். அவன் எழுதிய நாட்குறிப்புகளுள் உண்மையானது அவ்வொரு வரியே. அதனைத்தான் நான் பிழையென்று வட்டமிட்டேன்.

நம்மவர் எழுதிவைத்தலை அறியாதவரல்லர். என் தந்தையார் புகையிலைத் தோட்டஞ் செய்தவர். இறைப்பு முறை, எருவுக்குக் கொடுத்த பணம், கூலியாளின் பெயர், மழை பெய்த நாள் ஆகிய யாவற்றையும் நாற்பது பக்கக் கொப்பியொன்றிலே நாள்தோறும் குறித்துவைப்பார். கல்லூரியிலோ வரவு இடாப்பு உண்டு, பாடக்குறிப்பு உண்டு, அதிபரின் அலுவலறையிலே சம்பவத் திரட்டுப் புத்தகமும் உண்டு. தமிழிலே நாட்குறிப்பென்றால் அறிஞர் முதலிற் சுட்டுவது ஆனந்தரங்கப்பிள்ளை எழுதியதையேயாகும். புதுச்சேரியிலே பிரெஞ்சுக்காரருக்குத் துபாசியாய் விளங்கிய அப்பெரியார் 1736 தொடங்கி 1761 வரை, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம், நாட்செய்திகளை எழுதிவைத்தார். துறைக்கு வந்த கப்பல், வணிகச் சரக்கு, ஆளுநர் துய்ப்ளேயின் பேச்சு, போர்ச் செய்தி, ஊர் வழக்கு எனப் பலவும் அதன்கண் உள. 1761 சனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்படுதற்குச் சின்னாள் முன்னர் அவர் காலமாயினார். வரலாற்றாசிரியருக்கு அந்நாட்குறிப்பு ஒரு பெருநிதியம்.

இடாப்பும் கணக்கும் புறத்தே நிகழ்வனவற்றைப் பதிவன. அகத்தே நிகழ்வனவற்றைப் பதியும் நாட்குறிப்பு வேறொரு வகையினது. ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமியை மாணவர் அறிவர். 1942 யூன் 12ஆம் நாள், தன் பதின்மூன்றாம் பிறந்தநாளிலே, அவள் ஒரு குறிப்பேட்டைப் பரிசாகப் பெற்றாள். அடுத்த மாதமே அவள் குடும்பத்தார் ஒல்லாந்து நாட்டின் ஆம்ஸ்ரடாம் நகரிலே ஒளிந்து வாழத் தலைப்பட்டனர். கற்பனைத் தோழியொருத்திக்குக் கடிதம் வரைவது போல அவள் எழுதிவந்தாள். இறுதிக் குறிப்பு 1944 ஓகஸ்ட் 1ஆம் நாளுக்குரியது. மூன்று நாள் கழித்து அவர்கள் பிடிபட்டனர். அவள் எழுதியது போரைப் பற்றி மட்டுமன்று. தாயோடு கொண்ட பிணக்கு, தன் கோபம், தன் நாணம் ஆகியவற்றையும் ஒளியாது எழுதினாள். ஒளிந்து வாழ்ந்தவளுக்கு ஒளியாது பேச ஓரிடம் இருந்தது. அவ்விடம் அந்தக் குறிப்பேடு.

இத்தகைய குறிப்பேடொன்று எனக்கும் இருந்தது. 1995ஆம் ஆண்டிலே நான் இக்கல்லூரியில் ஒன்பதாந்தர மாணவன். எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் நாட்குறிப்பை வீட்டில் எழுதச் சொன்னார். ஆனால் அதனைத் தம்மிடங் காட்ட வேண்டாமென்றார். புள்ளியில்லாத வேலையைச் செய்வானேன் என்று நண்பர் பலர் விட்டனர். நான் எழுதினேன். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலக்கக்கணக்கில் ஒரே இரவில் வீடுவாசல் துறந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்த அப்பெருந்திரளிலே என் தோட்பையிலும் அக்கொப்பி இருந்தது. பின்வந்த ஆறு மாதமும், பிறர் வீட்டுத் தலைவாசலிற் படுத்திருந்தபடி, அதனை எழுதினேன்.

1996இல் நாங்கள் வீடு திரும்பினோம். திரும்பிய சில நாளில் என் அம்மா அக்கொப்பியைக் கண்டெடுத்தார். அம்மா அதிகம் படித்தவரல்லர். ஆயினும் எழுத்துக்கூட்டி வாசிப்பார். அடுக்களை வாசலிற் குந்தியிருந்து சில பக்கங்களை வாசித்தார். பின்னர் ஒன்றுஞ் சொல்லாது, எரிந்துகொண்டிருந்த பொச்சுமட்டை நெருப்பில் அதனை வைத்தார். நான் ஓடிச் சென்றபோது பாதி கருகிவிட்டது. "தம்பி, எழுத்தெண்டால் அது ஆற்றை கையிலை போய்ச் சேருமெண்டு சொல்லேலாது. மனதுக்குள்ளை வைச்சிரு" என்றார்.

அந்நாளிலே அம்மாமீது எனக்குத் தாங்கொணாச் சினம். இன்று அவ்வாறில்லை. கடிதத்திலுள்ள ஒரு பெயருக்கும், நிழற்படத்திலுள்ள ஒரு முகத்துக்கும், விடைசொல்ல வேண்டியிருந்த காலம் அது. வீடுதோறும் கொப்பிகளும் கடிதங்களும் அடுப்புக்கும் கிணற்றுக்கும் போயின. நம் தலைமுறையினர் மனத்துக்குள் வைத்திருக்கப் பழகிய தலைமுறையினர். அப்பழக்கம் பல உயிர்களைக் காத்ததென்பதை மறுத்தல் இயலாது. ஆனால் அச்சம் நீங்கிய பின்னும் பழக்கம் நீங்குவதில்லை. நான் அதன்பின் இருபத்தைந்து ஆண்டு காலம் எனக்கென்று ஒரு வரிதானும் எழுதியதில்லை. பிறரை எழுதுவித்துப் புள்ளியிட்டேன்.

2021 ஓகஸ்ட் மாத இறுதியிலே, நாடெங்கும் ஊரடங்கு நிலவிய நாள்களில், கொவிட் நோய் எம் வீட்டினுள்ளும் புகுந்தது. எனக்குக் காய்ச்சலோடு போயிற்று. எழுபது கடந்த அம்மாவை அம்புலன்ஸ் வண்டி ஏற்றிச் சென்றது. நோயாளியாகிய நான் படலைக்கு இப்பால் நின்று பார்த்திருந்தேன். ஆறாம் நாள் அம்மா காலமாயினார். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. பொற்சுண்ணம் இடிக்கவில்லை, வாய்க்கரிசி இடவில்லை, கொள்ளிக்குடஞ் சுமக்க வேண்டிய தோள் வீட்டறைக்குள்ளே அடைபட்டிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வீட்டோடு நால்வரளவில் முடிந்தது. இவ்வாறு பெற்றாரை வழியனுப்பியோர் அவ்வாண்டிலே பல்லாயிரவர். என் துயரம் தனித்துயரமன்று என்பதை அறிந்தே சொல்லுகின்றேன்.

நவம்பரிலே பாடசாலை திறந்தது. கற்பித்தேன், இடாப்பெடுத்தேன், வீடு வந்தேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். பின்னர் உறக்கம் வாராது. சிறு பிழைக்கும் மாணவரைச் சினந்தேன். "அப்பா ஏன் இப்ப சிரிக்கிறேல்லை?" என்று என் மகள் தாயிடங் கேட்டது என் செவியில் விழுந்தது. மார்கழியில் நெஞ்சு இறுகுவது போன்ற நோவு தோன்ற, மருத்துவமனைக்குச் சென்றேன். பரிசோதித்த இளம் மருத்துவர் நம் கல்லூரியில் என்னிடமே தமிழ் கற்றவர். ஈ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "உங்கடை இருதயத்திலை குறையொண்டுமில்லை, சேர். அதுக்குள்ளை இருக்கிறதை எங்கையாவது இறக்கி வையுங்கோ. ஆரோடையும் கதைக்கேலாதெண்டால் எழுதிப் பாருங்கோ. எங்களை நாட்குறிப்பு எழுத வைச்சனீங்கள்தானே?"

மாணவன் ஆசிரியனுக்கு இட்ட அப்பயிற்சியை 2022 சனவரி 14ஆம் நாள் தொடங்கினேன். ஆண்டுத்திவசம் நிறைவுறாமையால் அத்தைப்பொங்கலுக்கு எம் முற்றத்திலே பொங்கற்பானை ஏறவில்லை. அயல் வீட்டு வெடியோசை கேட்டுக்கொண்டிருக்க, மகளின் பழைய கொப்பியொன்றின் எஞ்சிய தாள்களில் எழுதினேன். எழுதியது யாது? "வெயில். பொங்கல் இல்லை. மாலையில் தலைவலி. உறக்கமில்லை." இவ்வளவே. மறுநாளும் அவ்வாறே. பதினைந்து நாள் எழுதிய பின் வாசித்துப் பார்த்தேன். சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்றுதான் வளர்ந்திருந்தது. அம்மா என்னும் சொல் அதில் ஓரிடத்தும் இல்லை. நெஞ்சிறுக்கமும் முன்போலவே இருந்தது.

அந்நாள்களிலே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்குத் தந்திருந்த பழைய தொல்காப்பியப் பொருளதிகாரப் பதிப்பொன்றை, உறக்கமில்லாக் குறையைப் போக்கும் பொருட்டு, இரவிற் புரட்டுவேன். சுன்னாகம் திருமகள் அழுத்தகத்திலே 1943இல் அச்சாகிய, பேராசிரியர் உரையும் புன்னாலைக்கட்டுவன் கணேசையரவர்களின் குறிப்பும் கூடிய பதிப்பு அது. மெய்ப்பாட்டியலை நான் முன்னரே கற்றவன். தேர்வுக்காக மனனஞ் செய்தவன். உள்ளத்து நிகழ்ச்சி உடம்பின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடென்பர். அழுகை, அச்சம், வெகுளி, உவகை முதலாக அவை எட்டென்று தொல்காப்பியர் வகுத்தார். அத்தோடு அமையாது, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய களன் நந்நான்கு என்றும் விரித்தார். அழுகைக்குரிய நான்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. முன்னைய நல்ல நிலை கெட்டு வருந்துதல் அசைவு. நுகர்வன இல்லாமை வறுமை.

இந்நான்கையும் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கின்றேன். "நின் அழுகை இவற்றுள் யாது?" என்று எவரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. அன்றிரவு கேட்டேன். இழவு என்பதே விடையென எண்ணினேன். தாயை இழந்தவனுக்கு வேறென்ன? ஆயினும் அச்சொல்லைக் கொப்பியில் எழுதியபோது அது பொருந்தவில்லை. அளவு பிழைத்த சட்டை போல் எங்கோ இடித்தது. தந்தையாரை 2009இல் இழந்தேன், அன்று அழுதேன், சில மாதத்தில் ஆறினேன். இது ஆறாதிருப்பது ஏன்? அடுத்த சொல்லை எழுதினேன்: இளிவு. எழுதிய கை நின்றுவிட்டது.

என்னை எவரும் இகழவில்லை. என்னை நானே இகழ்ந்துகொண்டிருந்தேன். காரணம் யாதென அறிவேன். ஆனால் அதனை எழுதத் துணிவில்லை. மேலும் மூன்று நாள் சென்றபின், தொடங்கிய நாளிலிருந்து பத்தொன்பதாம் இரவிலே, அதனை எழுதினேன். மருத்துவமனையிலிருந்து நான்காம் நாள் அம்மா தொலைபேசியில் அழைத்தார். தமது வெற்றிலைத் தட்டத்தையும் பாக்குவெட்டியையும் எவரிடமேனுங் கொடுத்தனுப்புமாறு கேட்டார். எனக்கோ காய்ச்சல்; வீட்டில் மருந்தில்லை; மகளுக்கும் நோய் தொற்றுமோ என்ற கவலை. "உதெல்லாம் அங்கை விடமாட்டினம். சும்மா இருங்கோ அம்மா" என்று சினந்து கூறி வைத்துவிட்டேன். அதுவே நான் அம்மாவோடு பேசிய கடைசிப் பேச்சு.

ஐந்து மாதமாக மனைவியிடமும் நான் சொல்லாத செய்தி அது. எழுதி முடித்தபோது பெரிதும் அழுதேன். உறங்கினேன் என்று சொல்ல மாட்டேன். அன்றிரவு முற்றும் விழித்திருந்தேன். ஆனால் அடுத்த சில இரவுகளில் எழுத்துத் தானே நீண்டது. அம்மா வெற்றிலை கேட்டது வெற்றிலைக்காகவா, அன்றி என் குரலைக் கேட்கவா என்று எழுதினேன். சினந்தவன் அன்பில்லாதவனா, அன்றி அஞ்சியவனா என்று எழுதினேன். அஞ்சியவன் என்றே ஈற்றில் எழுத நேர்ந்தது. இளிவென்று கண்டதன் அடியில் அச்சம் இருந்தது. அதன் அடியில் இழவு இருந்தது. இழவைத் தொட்டபின்னரே அது ஆறத் தொடங்கிற்று. ஒருநாள் இந்தப் பக்கங்களை மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு, எழுந்து சென்று, அம்மாவின் வெற்றிலைத் தட்டத்தைத் துலக்கிச் சுவாமியறையில் வைத்தாள். வேறொன்றுஞ் சொல்லவில்லை.

அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நீண்டது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, மெழுகுதிரிக்கும் தட்டுப்பாடு. ஆயினும் ஒரு துண்டு மெழுகுதிரியின் ஒளியிலே நாளுக்குப் பத்து நிமிடமேனும் எழுதாது நான் படுத்ததில்லை. விழிப்பு இன்றும் சில இரவுகளில் வரும். வந்தால் அதன் பெயரைக் கேட்பேன். பெயர் தெரிந்த விருந்தாளிக்கு ஒரு பாயைப் போட்டுவிட்டு நாம் உறங்கலாம். பெயர் தெரியாதவன் முற்றத்தில் நின்றாலன்றோ உறக்கம் வாராது.

இதனை என் ஒருவன் அநுபவமென்று மாணவர் தள்ளிவிடாதிருக்கும் பொருட்டு, அறிவியலார் கண்டவற்றையுஞ் சிறிது கூறுவேன். அமெரிக்க உளவியலாளர் யேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பல்கலைக்கழக மாணவரை நாளுக்கு 15 நிமிடமாக அடுத்தடுத்து நான்கு நாள் எழுதச் செய்தனர். சிலர் அற்ப விடயங்களை எழுதினர். சிலர் தம் வாழ்வின் கொடிய நிகழ்ச்சியின் செய்தியை மட்டும் எழுதினர். சிலர் அதுபற்றிய உணர்ச்சியை மட்டும் எழுதினர். சிலர் நிகழ்ச்சியையும் அதனாலெழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதினர். அடுத்த ஆறு மாதத்திலே நோயென்று சுகாதார நிலையத்துக்குச் சென்றது இறுதியிற் கூறியோரே குறைவு. ஆயினும் எழுதிய உடனே அவர்தம் மனம் முன்னினும் வாடியிருந்தது, குருதியழுத்தமும் கூடியிருந்தது. என் பதினைந்து நாள் வெற்றுக் குறிப்பு பயனளியாமையும், பத்தொன்பதாம் இரவு விழித்திருந்தமையும் எனக்கு விளங்கியது இதனை அறிந்த பின்னரே.

இவ்வழியில் நடந்த 146 ஆய்வுகளை ஒருங்குவைத்து நோக்கிய மற்றொரு கட்டுரை 2006இல் வெளிவந்தது. எழுதுதலாற் பயன் உண்டு, ஆனால் அது சராசரியிற் சிறிது என்பதே அதன் முடிபு. இச்சிறுமையை நான் மறைக்க விரும்பவில்லை. நாட்குறிப்பு சஞ்சீவி மூலிகையன்று. ஆயினும் ஒரு கொப்பியும் பேனையும் கால் மணிநேரமுமே செலவாக, சிறுபயன் கிடைப்பினும் அது நற்பயனே. தேர்வுக் கவலையால் உறங்காத மாணவருக்கு இன்னொரு செய்தி: 2018இல் அமெரிக்காவில் இளைஞர் 57 பேரைக் கொண்டு செய்த ஆய்விலே, படுக்குமுன் ஐந்து நிமிடம் இனிச் செய்யவேண்டிய வேலைகளை எழுதிவைத்தோர், செய்து முடித்த வேலைகளை எழுதியோரினும் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முந்தி உறங்கினர்.

இனி, தொடங்க விரும்புவோருக்குச் சில சொல்லுவேன். விலையுயர்ந்த குறிப்பேடு வேண்டா. அழகிய ஏட்டிலே உண்மையை எழுதக் கை கூசும். பாதி எழுதிய பழைய கொப்பியே சிறந்தது. நாளில் ஒரு நேரத்தைத் தேர்ந்து, அதனையே பற்றிக்கொள்க; பல் துலக்குவது போல அது தானே வந்துவிடும். ஒருநாள் தவறினால் மறுநாள் இருநாளுக்குஞ் சேர்த்து எழுத முயலாதீர். கடன் வளர்ந்தால் கடன்காரன் ஒளிவான். முதலில் நிகழ்ந்தது ஒன்றை எழுதுக. அடுத்து அதனால் நெஞ்சில் எழுந்தது யாதென எழுதி, அதற்கு ஒரு பெயரிடுக. "மனஞ் சரியில்லை" என்பது பெயரன்று. அழுக்காறா, நாணமா, அச்சமா, ஏமாற்றமா? நம் மொழியிலே இவற்றுக்குச் சொற்பஞ்சமில்லை. ஈற்றில், நாளை செய்யத்தக்க சிறுசெயல் ஒன்றை எழுதி மூடிவைக்க. எழுத்துப்பிழையைப் பொருட்படுத்த வேண்டா. ரகர றகர மயக்கத்துக்காக இருபது ஆண்டு புள்ளி குறைத்தவன் இதனைச் சொல்லுதல் சிலருக்கு வியப்பாயிருக்கலாம்; ஆயினும் சொல்லுகின்றேன்.

பெற்றாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் நாட்குறிப்பை ஒளிந்து வாசியாதீர். ஒருமுறை வாசித்தால், அடுத்த பக்கத்திலிருந்து அவன் உங்களுக்காக எழுதத் தொடங்குவான். மீண்டும் அதிகாலை ஐந்து மணிக்குத் துயிலெழுவான்.

என் வகுப்புகளில் இப்போது ஒரு விதி உண்டு. தேர்வுக்குரிய நாட்குறிப்புப் பயிற்சி முன்போல நடைபெறும். அதற்குப் புள்ளியும் உண்டு. அதன்மேலும், வாரத்தில் ஒருநாள் பாடத்தின் இறுதிப் பத்து நிமிடம் மாணவர் தமக்கென்று எழுதுவர். எழுதிய தாளை உள்நோக்கி மடித்துவிட்டால் ஆசிரியர் திறவார். மடியாது விட்டால் வாசிக்கலாம் என்பது பொருள். தொடக்கத்திற் சிலர் கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கை எழுதி மடித்தனர். அதுவும் ஆகுக என்றிருந்தேன். மாணவன் ஒருவன் ஒரு தவணை முழுவதும் மடித்தே தந்தான். இரண்டாந் தவணையில் ஒருநாள் மடியாத தாளொன்று வந்தது. அதில் எழுதியிருந்ததை ஈண்டுக் கூறேன்; அது அவனுடையது. நான் சிவப்புப் பேனையைத் தொடவில்லை. அவனோடு மாமர நிழலில் ஒரு பாடவேளை இருந்தேன். அவன் இசைவோடு வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடம் அழைத்துச் சென்றேன். பின்னர் மருத்துவரும் பார்த்தார். அவன் இன்று நலமாயிருக்கின்றான். முன்னொரு காலத்தில் நான் வட்டமிட்ட அவ்வொரு வரிக்கு இதுவே நான் செய்யக்கூடிய திருத்தம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எழுதுந்தோறும் எண்ணம் செக்கெருது போல ஒரே வட்டத்திற் சுழலுமாயின், அல்லது வாழ்வில் வெறுப்புண்டாகி உயிரை மாய்க்கும் எண்ணந் தோன்றுமாயின், கொப்பியை மூடிவிட்டு மனிதரை நாடுக. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் அதற்கென்றே உள்ளது. உடம்பு நோய்க்கு மருத்துவரிடஞ் செல்வதில் நாணமில்லாத நாம், உள்ளத்து நோய்க்குச் செல்ல நாணுதல் அறிவுடைமையன்று.

நம் கல்லூரியின் பழைய மாணவர் இன்று கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் பரந்து வாழ்கின்றனர். ஒருங்கு கூடும்போது விளையாட்டுப்போட்டியையும், பெற்ற பிரம்படியையும், விடுதிச் சாம்பாரையும் பேசி மகிழ்கின்றோம். பேசாது விடுவன எத்தனை! குளிர்நாட்டில் இரவு வேலை முடித்து வரும் வழியிலே, தனியே வண்டியோட்டும்போது, நெஞ்சில் வந்து நிற்பன எத்தனை! எழுத்தைத் தீயிலிட்டு மனத்துக்குள் வைத்திருக்கப் பழகிய என் வயதினரை நோக்கியே இதனைச் சிறப்பாகச் சொல்லுகின்றேன். அச்சத்துக்குரிய களன் நான்கென்று தொல்காப்பியர் கூறினார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. என் அம்மாவின் அச்சம் அவற்றுள் எதுவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மா அன்று எரித்தது என்னைக் காத்தற்பொருட்டு. அதனை நான் உணர்ந்து எழுதிய நாளிலேதான், எரிந்த கொப்பிக்காக நான் கொண்ட பழஞ்சினமும் என்னைவிட்டு நீங்கிற்று.

இதுவரை ஏழு கொப்பிகள் நிறைந்துவிட்டன. அவற்றை எவருக்குங் காட்டும் எண்ணமில்லை. அச்சிடும் தகுதியும் அவற்றுக்கில்லை. முதலாவது கொப்பி மட்டும் சுவாமியறையில், வெற்றிலைத் தட்டத்தின் கீழ் இருக்கின்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன், "எழுதுங்கள்; எனக்குக் காட்ட வேண்டாம்" என்று சொன்ன என் தமிழாசிரியர் இன்றில்லை. அவர் நின்று கற்பித்த அதே வகுப்பறையில் நானும் அதனையே சொல்லுகின்றேன். புள்ளியிடாத பயிற்சி ஒன்றையும் தன் மாணவருக்கு வைத்திருந்த இக்கல்லூரி நீடு வாழ்க!